மழைமானிக்குப் பூட்டு

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே இறங்கினால், கீழே சமவெளியில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறுதானியக் கள ஆய்வு நிலையம் வரும். நிலையம் என்றால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அரை ஏக்கர் சாமை, முற்றத்தில் ஒரு மழைமானி. பணியாளர்கள் இருவர். காவலர் காளியண்ணன் காலை எட்டு மணி பஸ்ஸில் வந்து மாலை நாலு மணி பஸ்ஸில் போய்விடுவார். கள உதவியாளர் ஜான்பீட்டர் எங்கும் போவதில்லை. அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடமாக அந்த அறையிலேயே இருந்தான்.

காலை எட்டரைக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பிறகு சாமையில் எத்தனை கதிர் வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். எண்ணியதில் சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணுவான். சந்தேகம் தினமும் வந்தது.

நோட்டில் தேதி, மழை, கதிர் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இரண்டாம் வருடம் அவனே அடிக்கோலை வைத்து நான்காவதாக ஒரு கோடு இழுத்து, தலைப்பில் ‘பேச்சு’ என்று எழுதினான். அன்றைக்கு எத்தனை பேர் தன்னோடு பேசினார்கள் என்ற எண்ணிக்கை. யாரும் கேட்காத தகவல்தான். ஆனாலும் தினமும் நடக்கிற ஒன்றைக் குறிக்காமல் விடுவது சரியா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பெரும்பாலும் இரண்டு என்று வரும். ஒருவர் காளியண்ணன். இன்னொருவர் பக்கத்துக் காட்டுக்காரர் மயிலம்மாள். கேட்டில் தொங்கும் சிலேட்டில் ஜான்பீட்டர் எழுதிவைக்கும் மழையளவைப் பார்த்துத்தான் அவர் களையெடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். படிக்கத் தெரியும். இருந்தாலும், “எவ்வளவுங்க கண்ணு?” என்று வாயாலும் கேட்டுவிட்டுத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று.

மூன்றாவது ஆள் ஐனோ. ஃபின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓட்ஸ் பயிரை ஆராய்கிறவர். குறைந்த நாளில் விளையும் தானியங்கள் மழையை எப்படிக் கையாள்கின்றன என்பது இரு பல்கலைக்கழகங்களுக்குமான கூட்டு ஆய்வு. வெள்ளி மதியம் ஒன்றரை மணிக்கு, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான ஜன்னலோரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஜான்பீட்டர் உட்காருவான். அங்கே அப்போது காலை பதினொன்று. அவர்கள் ஊரில் அதுவே சாப்பாட்டு நேரம். பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். மழை, கதிர், பூச்சி. முடிவில் ஐனோ கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்வார்.

“சாப்பிட்டீங்களா, ஜான்?”

வாரத்தில் அதை அவனிடம் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். காளியண்ணன் கேட்பதில்லை, அவன் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர் எதற்குக் கேட்க வேண்டும்?

ஆகஸ்ட் மாதத்து முதல் திங்கட்கிழமை இரண்டு சுற்றறிக்கைகள் வந்தன. முதலாவது, உலகத் தரவரிசையில் முன்னேறுவதை முன்னிட்டு ஒவ்வொரு நிலையமும் வெளிநாட்டவருடன் வாரம் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தொடர்பில் இருக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை என்றது. இரண்டாவது, ஆராய்ச்சிப் பாதுகாப்பை முன்னிட்டு எந்த நிலையமும் வெளிநாட்டவருக்கு எந்தத் தகவலும் தரக் கூடாது, தவறினால் நடவடிக்கை என்றது. இரண்டிலும் ஒரே கையெழுத்து: முனைவர் ராஜதுரை, இயக்குநர், ஒத்துழைப்பு மற்றும் பாதுகாப்புச் சமநிலை மையம்.

ஜான்பீட்டர் இரண்டையும் ஆறு முறை படித்தான். தனக்குத்தான் புரியவில்லை என்று முடிவு செய்து போன் போட்டான்.

“சார், ரெண்டு சுற்றறிக்கை வந்திருக்கு சார்.”

“ரெண்டும் வந்துருச்சா? நல்லது.”

“இதுல எதைச் செய்யணும் சார்?”

“தம்பி, ஒண்ணைச் செய்யறதுக்குப் பேரு வேலை. ரெண்டையும் செய்யறதுக்குப் பேருதான் சமநிலை. நானே நேர்ல வர்றேன்.”

அந்த வாரமே வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் சேர்ந்து அவர் முகத்தை வெளுக்க வைத்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, காளியண்ணன் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பேசினார்.

“நான் இருபத்திரண்டு வருஷம் தேர்வுப் பறக்கும் படையில இருந்தவன். ஒருத்தன் எழுதறதை இன்னொருத்தன் பார்த்தா, அது காப்பி. உலகம் பூரா இதுதான் நடக்குது. எனக்குச் சாமையும் தெரியாது, மழையும் தெரியாது. அதனாலதான் துணைவேந்தர் என்னைத் தேர்ந்தெடுத்தார். தெரிஞ்சவனைப் போட்டா சொல்லிருவான் இல்லையா?”

“ஆமாங்க,” என்றார் காளியண்ணன்.

ராஜதுரை கண்ணைத் திறந்தார். “இந்தப் பயிர் இங்க இருக்குங்கறது யாருக்கெல்லாம் தெரியும்?”

“சாமைங்களா? மலைக்கே தெரியுமுங்க. எங்கூட்டுக் கோழிக்கும் தெரியுமுங்க.”

ராஜதுரை தன் கோப்பில் ‘அபாயம்: உயர்நிலை’ என்று குறித்துக்கொண்டார். பிறகு முறையை விளக்கினார். ஒரு நிமிட ஒத்துழைப்புக்கு ஒரு நிமிடப் பாதுகாப்பு. வெள்ளிக்கிழமைத் தொடர்பு பத்து நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் பேசலாம். அடுத்த ஐந்து நிமிடம் இரு தரப்பும் இணைப்பைத் துண்டிக்காமல் மௌனமாக இருக்க வேண்டும். எல்லாம் பதிவாகி மையத்துக்கு வந்துவிடும்.

“மௌனமா என்ன சார் செய்யறது?”

“பாதுகாக்கறது.”

மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டார். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது கேட்டில் தொங்கிய சிலேட்டைத் தன் கையாலேயே கழற்றி வண்டியில் வைத்துக்கொண்டார். சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி நான்கு படி சாமை வாங்கிக்கொண்டு இறங்கியதாக மறுநாள் காளியண்ணன் சொன்னார்.

மறுநாள் காலை மயிலம்மாள் கேட்டருகே நின்று, சிலேட்டு இருந்த ஆணியைப் பார்த்தார்.

“பலகை எங்கீங்க?”

“எடுத்துட்டாங்கம்மா. இனிமே எழுதக் கூடாதாம்.”

“சரி, எவ்வளவுன்னு வாயில சொல்லுங்க.”

“சொல்லவும் கூடாதாம்மா.”

“மழையவா?” மயிலம்மாள் தன் ஈரச் சேலை நுனியைப் பிழிந்தார். “ராத்திரி பூரா எங்கூட்டு ஓட்டு மேலதாங்க பேஞ்சுது. அதைச் சொன்னா போலீசு வருமா?”

சுற்றறிக்கையில் உள்ளூர்க்காரர்களைப் பற்றித் தெளிவாக இல்லை. தெளிவில்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்வதே முறை என்று ஜான்பீட்டர் நினைத்தான். மயிலம்மாள் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து கீழ்த்தடம் வழியாகவே தன் காட்டுக்குப் போய்வந்தார். நோட்டில் நான்காவது கட்டத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம் பேசினார்கள். ஐந்து நிமிடம் மௌனமாக இருந்தார்கள். மௌனத்தைப் பற்றி மையம் ஐனோவுக்கு ஏற்கெனவே எழுதியிருந்தது: ‘இது எங்கள் பல்கலைக்கழகத்தின் பண்பாடு.’ ஐனோ பண்பாட்டுக்கு மரியாதை கொடுத்து நேராக உட்கார்ந்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்ப்பது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை. ஐனோவின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சிறு மச்சம் இருப்பதை மூன்று வருடத்தில் அன்றுதான் ஜான்பீட்டர் பார்த்தான். ‘சாப்பிட்டீங்களா’ என்பது எப்போதும் கடைசியில் வருவது. அது மௌனத்துக்குள் போய்விட்டது.

செப்டம்பர் முதல் வாரம் மையத்திலிருந்து ஓர் இரும்பு மூடியும் பூட்டும் வந்தன. மழைமானி திறந்து கிடப்பதால் மதிற்சுவருக்கு மேலாக எவரும் பார்த்துவிடலாம். ஆகவே காலை எட்டரை முதல் எட்டு முப்பத்தொன்று வரை மட்டும் இருவர் முன்னிலையில் திறந்து அளவெடுக்க வேண்டும், மற்ற நேரம் பூட்டிவைக்க வேண்டும்.

காளியண்ணன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க சாரு, மூடி போட்டா மழை எதுக்குள்ள உழுகும்?”

“அதைத்தான் யோசிக்கறேன்.”

“யோசிச்சு என்னங்க? அவுங்க டாக்டரு பட்டம் வாங்குனவுங்க. மூடி மேல உழுந்து, உள்ளார எறங்குமாட்ட இருக்குது.”

இறங்கவில்லை. மலை நனைந்தது, சாமை நனைந்தது, மூடி நனைந்தது. எட்டரைக்குத் திறந்தால் உள்ளே வறண்டிருந்தது. கருவி காட்டியதைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஜான்பீட்டர் 0.0 என்று எழுதினான். பத்து நாள் எழுதிய பிறகு, தவறு தன்னுடையதாக இருக்கலாம் என்ற முன்னுரையோடு மையத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினான்: மூடியிருக்கும் மழைமானிக்குள் மழை வருவதில்லை.

பதில் உடனே வந்தது. ‘தங்கள் நிலையத்தில் மழை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருப்பதற்குப் பாராட்டுகள். அதே வேளையில், மழை குறைந்ததற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.’

அவன் விளக்கினான். விளக்கத்தில் மழை பற்றிய தகவல் இருப்பதாகச் சொல்லி அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஃபின்லாந்துக்கு அனுப்பும் வாரப் பட்டியலையும் இப்போது மையமே சலித்து அனுப்பியது. கதிர் எண்ணிக்கை ரகசியம். கறுப்பு மை பூசப்பட்டது. பூச்சிகளின் பெயர்கள் ரகசியம். மழையளவு மட்டும் அப்படியே போனது. பூஜ்யத்தில் தகவல் எதுவும் இல்லை என்று மையத்தின் குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பேசும் ஐந்து நிமிடத்தில் ஐனோ பட்டியலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

“ஜான், பூஜ்யம் என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் ஜன்னலில் மழை கொட்டுகிறதே?”

ஜான்பீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது ஒப்புக்கொண்டதாகும். தலையசைப்பும் தகவலே என்று சுற்றறிக்கையின் பிற்சேர்க்கை மூன்றில் இருந்தது. அதனால் அசையாமல் இருந்தான். ஐனோ பேச்சை நிறுத்திவிட்டார். அன்றைக்கு மௌனம் இரண்டு நிமிடம் முன்பாகவே தொடங்கியது.

பதிவைப் பார்த்த மையம், ‘வெளிநாட்டவர் ஒருவர் மழையைக் கண்டறிந்துள்ளார்’ என்று ஒரு கசிவு அறிக்கை தயாரித்தது. ஜன்னலுக்குப் பச்சைத் திரைச்சீலை போட உத்தரவு வந்தது. இனி பத்து நிமிடமும் ஒலியை அணைத்துவிட வேண்டும். ஆனால் இணைப்பு கூடாது என்றில்லை; தரவரிசைக்கு நிமிடங்கள் தேவை. வெள்ளிக்கிழமை இணைப்பு இருந்தும் நான்காவது கட்டத்தில் ஒன்று என்றுதான் எழுத முடிந்தது. முகத்தைப் பார்ப்பதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று யோசித்து, கூடாது என்று முடிவு செய்தான்.

ஒத்துழைப்பில் நூற்றுக்கு நூறு, திரைச்சீலைக்குப் பிறகு கசிவில் பூஜ்யம். செப்டம்பர் கடைசியில் நிலையத்துக்கு விருது கொடுத்தார்கள். ஜான்பீட்டர் பேன்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேட்டியோடு பஸ்ஸில் கீழே இறங்கி, விழா அரங்கில் உடை மாற்றிக்கொண்டான். முன்னூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் பேசினார்.

“உலகத்தோடு கைகோத்திருக்கிறோம், ஆனால் கை படவில்லை. சன்னல்களைத் திறந்திருக்கிறோம், ஆனால் காற்று வரவில்லை. சில பல்கலைக்கழகங்கள் ஒத்துழைத்து, எதையாவது கண்டுபிடித்து, பிறகு அதை எப்படிப் பாதுகாப்பது என்று தவிக்கின்றன. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. பாதுகாக்க ஒன்றும் இல்லாத அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கிறோம்!”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ஜான்பீட்டருக்குப் பேச இரண்டு நிமிடம் தந்தார்கள். மேடையேறியதும் ராஜதுரை காதோடு சொன்னார்: “ஒரு நிமிஷம் பேசு. ஒரு நிமிஷம் சமநிலை.” அவன் முதலில் சமநிலையைச் செய்தான். அது முடிந்தபோது நேரமாகிவிட்டது என்று மணியடித்தார்கள்.

அக்டோபர் நடுவில் ஃபின்லாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தின் நகலை மையம் அவனுக்கு அனுப்பியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது என்றும், ஆறு வாரமாகத் தங்களுக்குப் பூஜ்யங்கள் மட்டுமே வருகின்றன என்றும், அங்கே உண்மையில் ஒரு வயல் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தெளிவு கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை இணைப்பு உட்பட எல்லாம் முடிவுக்கு வரும்.

மையம் அனுப்பிய பதிலின் நகலும் உடன் இருந்தது. ‘வயல் இருப்பதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலாத நிலையில் இருக்கிறோம். தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடுகிறோம்.’

ஜான்பீட்டர் ராஜதுரைக்குப் போன் செய்தான்.

“சார், வயல் இருக்குன்னு மட்டும் சொல்லிடலாமே சார்?”

“இன்னைக்கு வயல் இருக்கும்பே. நாளைக்கு அதுல பயிர் இருக்கும்பே. இப்படித்தான் தம்பி ஆரம்பிக்கும்.”

“இணைப்பே போயிரும் சார்.”

“போனா பாதுகாப்பு நூறு. இருந்தா ஒத்துழைப்பு நூறு. நமக்கு எப்படியும் நூறு. நீ ஏன் பதறறே?”

ஏன் பதறுகிறேன் என்று அவன் அன்று மாலை முழுவதும் யோசித்தான். நாலு மணி பஸ்ஸில் காளியண்ணன் போய்விட்டிருந்தார். பேசிப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆய்வு கெட்டுவிடும் என்று ஒரு காரணம் எழுதினான். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா என்று சந்தேகம் வந்தது. அதற்குக் கீழே, ‘அவர் வெள்ளிக்கிழமை கேட்பார்’ என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டான்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே விடாமல் மழை. ஒன்றரை மணிக்கு ஐனோ திரையில் வந்தார். ஒலி அணைந்திருந்தது. ஜான்பீட்டர் விதிப்படி கைகளை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்தான். ஒரு நிமிடம் போயிற்று. பேசக் கூடாது, தலையசைக்கக் கூடாது, எதையும் எடுத்துக் காட்டக் கூடாது. விதிகளை அவன் வரிசையாக நினைத்துப் பார்த்தான். எல்லா விதிகளும் ‘பணியாளர் இணைப்பின்போது’ என்றுதான் தொடங்கின. எழுந்து போகக் கூடாது என்று எதிலும் இல்லை. திரைச்சீலை போட வேண்டும் என்று இருந்தது, மூடியே வைக்க வேண்டும் என்று இல்லை. வேறெங்காவது இருந்து தான் கவனிக்கவில்லையோ என்று இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான்.

பிறகு எழுந்து, பச்சைத் திரைச்சீலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, காமிராவுக்குத் தெரியாத சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நாற்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அரை ஏக்கர் சாமை கதிர் தொங்கி, மழையில் தலைசாய்ந்து நின்றது. அதற்கப்பால் மயிலம்மாளின் காட்டு வரப்பில் ஓர் அலுமினியக் குண்டான். சிலேட்டு போன மறுநாளே அவர் அதை வைத்துவிட்டதை ஜான்பீட்டர் பார்த்திருந்தான், எதற்கென்று கேட்கவில்லை. இப்போது மயிலம்மாள் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்தார். குனிந்து குண்டானுக்குள் கையை விட்டு ஆழம் பார்த்தார். நிமிர்ந்தவர், எத்தனையோ நாளாக மூடியிருந்த ஜன்னல் திறந்திருப்பதைக் கண்டார். அங்கிருந்தே கத்தினார்.

“நாலு விரக்கடைங்க, கண்ணு! உங்க மழை எவ்வளவுன்னு நீங்க சொல்லாட்டிப் போங்க. நம்முது நாலு விரக்கடை!”

சொன்னதோடு நான்கு விரல்களை உயர்த்தியும் காட்டினார். கத்தியது ஃபின்லாந்துக்குப் போகவில்லை. விரல்கள் போயின.

ஐனோ திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். ஓட்ஸ்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மெதுவாகத் தன் கையை உயர்த்தி நான்கு விரல்களைக் காட்டினார், காலி நாற்காலியைப் பார்த்து. பிறகு கிண்ணத்தை எடுத்து, புருவத்தைத் தூக்கி, சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற ஜான்பீட்டர் பதில் சொல்ல வாயெடுத்து, ஒலி அணைந்திருப்பது நினைவுக்கு வர நிறுத்திக்கொண்டான். அவன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

பத்து நிமிடம் முடிந்ததும் மையத்துக்கான படிவத்தை நிரப்பினான். வெளியே சென்ற தகவல் என்ற இடத்தில் 0.0 என்று எழுதினான். கருவி காட்டியதைத்தான் எழுத வேண்டும்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் இரண்டு தபால்கள் சேர்ந்து வந்தன. ஃபின்லாந்து ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்திருந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. இன்னொன்று ராஜதுரையின் சுற்றறிக்கை.

‘கடந்த வெள்ளிக்கிழமைப் பதிவு ஆய்வு செய்யப்பட்டது. பணியாளர் பேசினாரா? இல்லை. அசைந்தாரா? இல்லை. எதையேனும் காட்டினாரா? இல்லை. ஒன்பது நிமிடம் பணியாளரே இல்லை. இதுவரை எட்டப்படாத பாதுகாப்பு நிலை இது. இனி அனைத்து நிலையங்களிலும் பணியாளர்கள் திரையில் தோன்றாமலேயே ஒத்துழைக்க வேண்டும். இந்த நடைமுறை ஃபின்லாந்துத் தரப்புக்கும் தெரிவிக்கப்பட்டுள்ளது.’

“என்னங்க போட்டிருக்குது?” என்றார் காளியண்ணன்.

“நான் இல்லாம இருக்கறதுதான் ரொம்பச் சரியாம்.”

“அதுக்கு எதுக்குங்க ஒரு காயிதம்?” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஜான்பீட்டர் இணைப்பைப் போட்டுவிட்டு, திரைச்சீலையைத் தள்ளி, சுவரோரத்தில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்து திரையை மட்டும் பார்க்கலாம். ஐனோவும் இல்லை. ஒரு காலி நாற்காலி, அதற்குப் பின்னால் அவருடைய ஜன்னல், இலை உதிர்ந்த மெல்லிய மரங்கள், அவற்றின்மேல் பொடிப்பொடியாக இறங்கும் பனி. அவர் அறையில் ஒரு ஜன்னல் இருப்பதே அவனுக்கு இதுவரை தெரியாது.

நாலைந்து நிமிடம் கழித்து ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்றை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு மறைந்தது.

ஜான்பீட்டர் எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். சாமைச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து, கையை மட்டும் நீட்டித் தன் ஜன்னல் விளிம்பில், மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்தான். பிறகு சுவரோரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். மழை இந்தப் பக்கமும் பனி அந்தப் பக்கமுமாக மீதி நேரம் கழிந்தது.

இணைப்பு முடிந்ததும் நோட்டைத் திறந்தான். மழை, 0.0. பேச்சு என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. காளியண்ணன் ஒன்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு என்று எழுதினான்.

சந்தேகம் வந்தது. மறுபடி எண்ணவில்லை.